ஸ்பானிய ஒலியியல் சொல்லை ஆங்கிலத்தில் தருவது எப்படி? எல்லையோரத் தமிழருக்கு முழுமையான வழிகாட்டி

பாலக்காடு, செங்கோட்டை, நாகர்கோவில், சித்தூர், குப்பம் பக்கம் வீட்டிலிருந்தபடியே ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவர்களுக்குக் கைக்கு வருவது பெரும்பாலும் ஒப்பந்தம், இயந்திரக் கையேடு, மருந்து விவரத் தாள் போன்றவைதான். நடுவே எப்போதாவது ஒலியியல் பக்கம் ஒன்று வந்து விழும். முனைவர் பட்ட ஆய்வின் சுருக்கமாக இருக்கலாம், மொழிப் பாடநூலின் உச்சரிப்பு அத்தியாயமாக இருக்கலாம், பேச்சுப் பயிற்சியாளரின் மதிப்பீட்டு அறிக்கையாகவோ டப்பிங் கலைஞருக்கான குறிப்பாகவோ இருக்கலாம். பாதிச் சொற்கள் ஆங்கிலம் போலவே தெரிவதால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்று தோன்றும். 'பிப்ராந்தே முல்திப்ளே' என்பதை 'மல்டிபிள் வைப்ரன்ட்' என்று எழுதிக் கொடுத்தால் இலக்கணப்படி ஒரு குறையும் இராது. ஒலியியல் தெரிந்த ஆசிரியரோ அந்த வரியிலேயே நின்றுவிடுவார். அது நாக்கை உருட்டிச் சொல்லும் ரகரம்; ஆங்கில ஒலியியலில் அதன் பெயர் 'ட்ரில்'.

ஒலியியல் சொல் ஒவ்வொன்றும் வாய்க்குள் நடக்கும் ஒரு செயலுக்கு இட்ட பெயர். முதலில் அந்தச் செயல் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதே செயலை ஆங்கிலத்தில் ஒலியியல் எழுதுகிறவர்கள் எப்படி அழைக்கிறார்கள் என்று தேட வேண்டும். அகராதிக்குப் போவது அதற்கும் பிறகுதான். மலையாளமோ தெலுங்கோ காதில் விழுந்தபடி வளர்ந்த தமிழருக்கு இந்த வேலையில் பெரிய வசதி உண்டு. ஸ்பானியம் பிரித்துக் காட்டும் ஒலிகளில் பல அவர் வாயிலேயே இருக்கின்றன. சில இடங்களில் அதே பழக்கம் காலை வாரியும் விடும். அந்த இடங்கள் கீழே வருகின்றன.

ஸ்பானியச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். ஸ்பானியத்தில் எச் ஒலிக்காது. வி, பி இரண்டும் ஒரே ஒலி. அகராதியில் தேடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'ரெயிலாமியெந்தோ' என்று படிக்கும் சொல்லின் நடுவே ஓர் எச் ஒளிந்திருக்கிறது.

படி 1: உரையின் வயதையும் ஊரையும் பாருங்கள்

ஒரே சொல் 1920-இல் ஒன்றையும் 2020-இல் வேறொன்றையும் குறிக்கும். ஸ்பானிய ஒலியியலின் அடித்தளம் தோமாஸ் நவாரோ தோமாஸ் 1918-இல் வெளியிட்ட உச்சரிப்புக் கையேடு. உயிருக்கு நடுவே வரும் பி, டி, ஜி ஒலிகளை அவர் 'ஃப்ரிகாதீபா', அதாவது உரசொலி, என்றார். அவற்றில் உண்மையில் உரசல் சத்தம் இல்லை, உறுப்புகள் நெருங்கி மட்டுமே வருகின்றன என்பதால் இன்றைய நூல்கள் 'அப்ரோக்ஸிமாந்தே' என்கின்றன. ஆங்கிலத்தில் 'அப்ராக்ஸிமன்ட்' என்ற சொல்லை ஒலியியலாளர் பீட்டர் லடஃபோகட் கொண்டுவந்ததே 1964-இல்தான். எனவே பழைய உரையில் 'ஃப்ரிகாதீபா' என்று கண்டால் ஆங்கிலத்தில் 'ஃப்ரிகேட்டிவ்' என்றே விட்டு, இன்றைய வழக்கில் அது அப்ராக்ஸிமன்ட் என்று முதல் இடத்தில் மட்டும் அடிக்குறிப்பு கொடுங்கள். மூல ஆசிரியரைச் சத்தமில்லாமல் திருத்துவது மொழிபெயர்ப்பாளர் வேலை இல்லை. 2000-க்குப் பிந்தைய உரையில் அதே சொல் அதே ஒலிக்கு வந்தால், ஆசிரியர் பழைய மரபைப் பின்பற்றுகிறாரா, கவனக்குறைவா என்று வாடிக்கையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

இந்த ஒலி எப்படி இருக்கும் என்று தெரிய வெளியே போக வேண்டாம். 'அகம்' என்று சொல்லும்போது நடுவில் வரும் ககரத்தையும், 'இதழ்' என்பதன் தகரத்தையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். காற்று முழுதாக அடைபடுவதில்லை. ஸ்பானியத்தின் 'லாகோ', 'நாதா' இரண்டிலும் நடப்பது ஏறத்தாழ அதுவே.

அடுத்து, குறியீட்டு முறை எது என்று பாருங்கள். பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. ஸ்பானிய அறிஞர்கள் 1915 முதல் தங்களுக்கென்று ஓர் ஒலிக்குறி வரிசையை வைத்திருந்தார்கள். 'ரெபிஸ்தா தே ஃபிலொலொஹீயா எஸ்பான்யோலா' என்ற ஆய்விதழ் வழியே பரவியது. அந்த வரிசையில் வெறும் ஆர் எழுத்து என்றால் ஒரே தட்டு தட்டும் ர. ஆருக்கு மேல் கோடு போட்டால்தான் உருளும் ற. ஐபிஏ எனப்படும் அனைத்துலக ஒலிக்குறி வரிசையில் தலைகீழ்: வெறும் ஆர் என்பது உருளும் ற, மீன்கொக்கி போல வளைந்த ஆர் என்பது ஒரு தட்டு ர. மூலத்தில் இருக்கும் ஆரை அப்படியே ஐபிஏ சதுர அடைப்புக்குள் எழுதினால் ஒலியே மாறிப்போகும். ஒய் எழுத்தும் இப்படித்தான். ஸ்பானிய வரிசையில் அது 'மாயோ' என்பதில் வரும் யகரம் போன்ற மெய். ஐபிஏவில் அது இதழ் குவித்துச் சொல்லும் முன்னுயிர், பிரெஞ்சில் வருவது. மேலே கொக்கியுள்ள எஸ், இசட் கண்டால் ஐபிஏவில் முறையே நீண்ட எஸ்ஸும் மூன்று போல வளைந்த இசட்டும் என்று மாற்றுங்கள். உரையில் குறியீடு ஏதாவது இருந்தால், சொற்களைத் தொடுவதற்கு முன் குறியீட்டுப் பட்டியலை முடித்துவிடுவதே நல்லது. பாதிச் சந்தேகங்கள் அதிலேயே தீர்ந்துவிடும்.

படி 2: சொல்லைப் பிரித்து, வரிசையைத் திருப்புங்கள்

ஸ்பானியத்தில் ஒலியின் முழுப் பெயர் மூன்று பகுதி: எப்படி ஒலிக்கிறது, எங்கே ஒலிக்கிறது, குரல் உண்டா இல்லையா. 'ஒக்லுஸீபா பிலாபியால் ஸோர்தா' என்றால் அடைப்பு, ஈரிதழ், குரலின்மை. ஆங்கிலத்தில் கடைசியிலிருந்து முன்னே வர வேண்டும்: 'வாய்ஸ்லெஸ் பைலேபியல் ஸ்டாப்'. தமிழில் நினைத்தால் இது தானாகவே வரும். குரலிலா ஈரிதழ் அடைப்பொலி என்று பெயரைக் கடைசியில் வைப்பதுதானே நம் வழக்கம்.

'ஸோர்தா' என்றால் அகராதியில் காது கேளாதவள் என்று இருக்கும். ஸ்பானியத்தில் மெய்யெழுத்து என்ற சொல் பெண்பால் என்பதால் அடைமொழிகளும் பெண்பாலில் வந்து, பெயர்ச்சொல் இல்லாமலே தனியாக நிற்கும். 'லாஸ் ஸோர்தாஸ்' என்பது குரலிலா மெய்கள். ஆங்கிலத்தில் அடைமொழி தனியாக நிற்காது. 'வாய்ஸ்லெஸ் கான்சனன்ட்ஸ்' என்று பெயரைச் சேர்த்தே எழுதுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தும் வேலை எடுத்தால் இந்த இடத்தை முதலில் தேடுங்கள்.

ஸோர்தா (குரலில்லாதது), ஸோனோரா (குரலுள்ளது) என்ற இணையைத் தமிழ் இலக்கணத்தோடு பொருத்தப் பார்ப்பவர்கள் வல்லினத்தைக் கொண்டுவந்து குழப்பிக்கொள்கிறார்கள். தமிழ் வல்லினம் இடத்தைப் பொறுத்துக் குரலோடும் குரலின்றியும் ஒலிக்கும். பாலக்காட்டுப் பள்ளியில் மலையாளம் படித்தவர் கரம், ம்ருது என்ற பெயர்களை நினைக்கலாம். சித்தூர்ப் பக்கம் தெலுங்கு படித்தவர் பருஷம், சரளம் என்பவற்றை நினைக்கலாம். கரமும் பருஷமும் ஸோர்தா. ம்ருதுவும் சரளமும் ஸோனோரா. மலையாளப் பாடநூலின் 'கோஷம்' குரலோடு மூச்சும் சேர்ந்த ஒலியைக் குறிக்கும். அது ஸ்பானியத்தில் கிடையாது.

ஸோனோரா என்பதன் பண்புப்பெயர் 'ஸோனோரிதாத்'. இதற்கு இரண்டு ஆங்கிலம் உண்டு. குரல் நாணின் அதிர்வைப் பற்றிய பேச்சு என்றால் 'வாய்சிங்'. அசைக்குள் எந்த ஒலி எடுப்பானது, உயிர் மேலே, அடைப்பொலி கீழே என்று ஏணி போட்டுக் காட்டும் பேச்சு என்றால் 'சொனாரிட்டி'. பக்கத்தில் 'எஸ்காலா' என்ற சொல் இருந்தால் அநேகமாக இரண்டாவது.

படி 3: ஒலியை வாயில் போட்டுப் பாருங்கள்

'கரை', 'கறை' என்று இரண்டையும் சொல்லுங்கள். சென்னைப் பேச்சில் இரண்டும் ஒன்றே. நாகர்கோவில் வட்டாரத்தில் இன்னும் பலர் பிரித்தே சொல்கிறார்கள். மலையாளத்தில் 'கர' என்றால் கரை, 'கற' என்றால் கறை. ஒலி வேறுபாடு பிள்ளைகளுக்கும் பிசகாது. தெலுங்கில் பழைய 'பண்டி ற' எழுத்து இன்றைய எழுத்து வழக்கில் அநேகமாக இல்லை. பேச்சிலும் ஒரே ரகரம்தான். அதனால் இந்தப் பயிற்சிக்குக் கேரள எல்லைக்காரர் காது கூடுதல் வசதி.

ஸ்பானியத்தில் 'பெரோ' என்றால் 'ஆனால்'. அதையே ரகரத்தை உருட்டிச் சொன்னால் நாய். 'காரோ' விலை அதிகமானது, உருட்டினால் வண்டி. நுனி நாக்கு மேலண்ணத்தின் முன்மேட்டை ஒரே முறை தொட்டு விலகினால் 'பிப்ராந்தே சிம்ப்ளே'. நாக்கைத் தளர்வாக வைத்து, காற்றின் வேகத்தில் இரண்டு மூன்று முறை படபடக்க விட்டால் 'பிப்ராந்தே முல்திப்ளே'. முதலாவது ஆங்கிலத்தில் 'டாப்', இரண்டாவது 'ட்ரில்'. அமெரிக்க நூல்களில் முதலாவதை 'ஃப்ளாப்' என்றும் எழுதுவார்கள். ஒரு கோப்பில் இரண்டையும் கலக்காதீர்கள். டாப், ஃப்ளாப் இரண்டையும் வேறு வேறு அசைவுகளாகப் பிரிக்கும் ஒலியியலாளரும் உண்டு என்பதால், தனித்து ஒன்றைத் தேர வேண்டுமானால் ஸ்பானியத்துக்கு டாப் பாதுகாப்பானது. 'சிங்கிள் ட்ரில்' என்று சிலர் எழுதுவதை விட்டுவிடலாம்; டாப் என்பது ஒரு தடவை மட்டும் அடிக்கும் ட்ரில் அன்று, நாக்கின் இயக்கமே வேறு. ட்ரில்லில் நாக்கை ஆட்டுவது காற்று, டாப்பில் ஆட்டுவது தசை.

'லாஸ் பிப்ராந்தெஸ்' என்று பன்மையில் இரண்டையும் சேர்த்துச் சொன்னால் 'ட்ரில்ஸ்' என்று எழுதக் கூடாது; 'ரோட்டிக்ஸ்' என்று எழுதுங்கள். புதிய நூல்கள் சிலவற்றில் டாப்புக்குப் 'பெர்குஸீபா' என்ற பெயர் வரும். ஆங்கிலப் 'பெர்கஸிவ்' வேறு பொருள். பேச்சுக் கோளாறுகளைக் குறிக்கும் விரிவாக்கக் குறியீடுகளில் பல்லோடு பல் மோதும் சத்தம் போன்றவற்றுக்கு அந்தப் பெயர். எனவே டாப் என்றே எழுதுங்கள்.

எழுத்தைப் பார்த்து ஒலியை முடிவு செய்யாதீர்கள். ஸ்பானியத்தில் சொல்லின் முதலில் ஒற்றை ஆர் இருந்தாலும் உருளும்: 'ரோஸா'. என், எல், எஸ் எழுத்துகளுக்குப் பின்னும் உருளும்: 'ஒன்ற்ரா', 'அல்றெதெதோர்', 'இஸ்றயெல்'. மூலத்தில் 'ரோஸா' சொல்லுக்குப் பிப்ராந்தே முல்திப்ளே என்று போட்டிருந்தால் ஆசிரியர் சரி, திருத்தப் போகாதீர்கள்.

ஒலிப்பதிவும் சேர்ந்து வந்திருந்தால் பிராட் என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் புர்ஸ்மா, டேவிட் வேனிங்க் எழுதியது. நிறமாலைப் படத்தில் டாப் ஏறத்தாழ 20 மில்லிநொடி வெளிறிய ஒற்றை இடைவெளியாகத் தெரியும். ட்ரில்லில் அத்தகைய இடைவெளிகள் இரண்டோ மூன்றோ அடுத்தடுத்து வரும். இடைவெளியே இல்லாமல் மேல் அதிர்வெண்களில் இரைச்சல் மட்டும் தெரிந்தால் அது ஆண்டிஸ் மலை நாடுகளில் கேட்கும் 'அஸிபிலாதா' வகை. ஆங்கிலத்தில் 'அஸிபிலேட்டட்'.

படி 4: முகம் ஒன்று, பொருள் வேறு

பைலேபியல், டென்டல், வீலர், நேசல், லேட்டரல் போன்றவை இரு மொழியிலும் ஒன்றே. அவற்றில் நேரம் செலவிட வேண்டாம். 'ஒக்லுஸீபா' அமெரிக்க வழக்கில் 'ஸ்டாப்', பிரிட்டிஷ் வழக்கில் 'ப்ளோசிவ்'. 'கோல்பே தே குளோதிஸ்' என்பது 'க்ளாட்டல் ஸ்டாப்'. 'போகால்' என்றால் உயிர், 'வவல்'. 'திம்ப்ரே' உயிரைப் பற்றி வந்தால் 'வவல் குவாலிட்டி'. 'பலாதால்' மட்டும் கொஞ்சம் பாருங்கள்: ஸ்பானிய சி-எச் ஒலியை மரபாகப் பலாதால் வரிசையில் வைப்பார்கள். ஒலியன் (சொற்பொருளைப் பிரிக்கும் அடிப்படை ஒலி) அட்டவணை என்றால் 'பேலட்டல்' என்று விடலாம். நாக்கு எங்கே தொடுகிறது என்று விவரிக்கும் பத்தி என்றால் 'போஸ்ட்-அல்வியோலர்' என்பதே சரி.

கீழே வருபவற்றில்தான் கவனம் வேண்டும்.

'அஸ்பிராஸியோன்'. ஆங்கில ஒலியியலில் 'ஆஸ்பிரேஷன்' என்றால் அடைப்பொலிக்குப் பின் வரும் மூச்சு. மலையாளத்தின் அதிகரம், தெலுங்கின் ஒத்து அக்ஷரங்கள், ஆங்கிலத்தில் 'பின்' என்ற சொல்லின் முதல் ஒலி எல்லாம் அதுவே. ஸ்பானியத்தில் அப்படி ஓர் ஒலி கிடையாது. தெற்கு ஸ்பெயினின் அண்டலூசியாவிலும் கரீபியன் கரையிலும் 'லாஸ் அமீகோஸ்' என்பதை 'லாஹ் அமீகோஹ்' என்று சொல்வார்கள். எஸ் தேய்ந்து ஹகரமாகிறது. அதைத்தான் ஸ்பானியர் அஸ்பிராஸியோன் என்கிறார்கள். ஸ்பானியத்தையே ஆராயும் ஆங்கிலேயர் 'எஸ்-ஆஸ்பிரேஷன்' என்று எழுதிப் பழகிவிட்டார்கள். அந்த வாசகருக்கு அது போதும். பொது ஒலியியல் இதழ் என்றால் 'டீபக்கலைசேஷன்' என்று கொடுத்து, எஸ் ஹகரமாவது என முதல் இடத்தில் அரை வரி விளக்கம் சேருங்கள். பாடநூல் என்றால் கலைச்சொல்லே வேண்டாம், விளக்கமே போதும்.

'தில்தே'. ஸ்பானியர் தினமும் சொல்லும் தில்தே, உயிரெழுத்தின் தலையில் வரும் சாய்கோடு. ஆங்கிலத்தில் அது 'அக்யூட் ஆக்சென்ட்' அல்லது 'ஆக்சென்ட் மார்க்'. ஆங்கில 'டில்டே' என் எழுத்தின் மேல் வரும் அலைக்கோடு மட்டுமே. 'அஸெந்தோ' இன்னும் சிக்கல். அழுத்தம் என்றால் 'ஸ்ட்ரெஸ்', குறி என்றால் 'ஆக்சென்ட் மார்க்', வட்டாரச் சாயல் என்றால் 'ஆக்சென்ட்'. 'புரோஸோதிகோ' சேர்ந்து வந்தால் முதலாவது, 'ஒர்தொக்ராஃபிகோ' சேர்ந்தால் இரண்டாவது.

'அகூதா', 'கிராபே'. அழுத்தத்தைப் பற்றிய பாடத்தில் அகூதா என்றால் கடைசி அசையில் அழுத்தம், ஆங்கிலத்தில் 'ஆக்ஸிடோன்'. கிராபே, அல்லது 'யானா', கடைசிக்கு முந்தைய அசை, 'பாராக்ஸிடோன்'. 'எஸ்த்ரூஹுலா' அதற்கும் முந்தையது, 'ப்ரோபாராக்ஸிடோன்'. பள்ளிப் பாடம் என்றால் கிரேக்கப் பெயர்களை விட்டு, எந்த அசையில் அழுத்தம் என்று நேராகச் சொல்லுங்கள். இதே அகூதாவும் கிராபேயும் ரோமன் யாகப்ஸன், ஃபாண்ட், ஹல்லே மூவரும் 1952-இல் முன்வைத்த ஒலிப்பண்புக் கோட்பாட்டில் வந்தால் 'அக்யூட்', 'கிரேவ்' என்பதே சரி. அங்கே பேச்சு ஒலியின் ஆற்றல் மேல் அதிர்வெண்ணில் குவிகிறதா கீழ் அதிர்வெண்ணில் குவிகிறதா என்பது. ஒரே பெயர், தொடர்பில்லாத இரண்டு துறை. பக்கத்தில் அசை என்ற சொல் இருக்கிறதா, அதிர்வெண் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

'தோனேமா'. நவாரோ தோமாஸின் 1944 ஏற்ற இறக்க நூலில் வரும் சொல். வாக்கியத் துண்டின் முடிவில் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் குறிக்கும். ஆங்கிலத்தில் 'டெர்மினல் கான்டூர்'. ஆங்கில 'டோனீம்' சீனம் போன்ற மொழிகளின் சுர ஒலியன். அதை எழுதினால் ஸ்பானியம் சுரமொழியாகிவிடும். அதே நூலின் 'குரூபோ ஃபோனிகோ' இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே வரும் பேச்சு; 'ப்ரெத் குரூப்'.

'ஸெமிகொன்ஸொனாந்தே', 'ஸெமிபொகால்'. ஸ்பானியர் இவற்றைப் பிரிப்பார்கள்: உயிருக்கு முன் வந்தால் முதலாவது ('பியே'), பின் வந்தால் இரண்டாவது ('அய்ரே'). ஆங்கிலத்தில் பொதுவாக இரண்டும் 'க்ளைட்'. உரை இரண்டையும் ஒப்பிட்டால் 'ஆன்க்ளைட்', 'ஆஃப்க்ளைட்' என்று பிரிக்க வேண்டும்.

'ஸெஸேயோ', 'தெதேயோ'. முதலாவது எஸ் எழுத்தோடும் இரண்டாவது சி எழுத்தோடும் எழுதப்படும். மத்திய, வட ஸ்பெயினில் 'காஸா' (வீடு) எஸ் ஒலி, 'காதா' (வேட்டை) நாக்கைப் பல்லிடையே வைத்துச் சொல்லும் ஒலி. லத்தீன் அமெரிக்காவிலும் அண்டலூசியாவின் பல இடங்களிலும் இரண்டுக்கும் எஸ் வந்தால் ஸெஸேயோ. அண்டலூசியாவின் சில பகுதிகளில் இரண்டுக்கும் பல்லிடை ஒலி வந்தால் தெதேயோ. ஆங்கிலத்தில் சொல்லை அப்படியே சாய்வெழுத்தில் வைத்து விளக்கம் கொடுப்பதே வழக்கம். தெதேயோவுக்குப் பேச்சு வழக்கில் மழலை நாக்கு என்ற பொருளும் இருப்பதால் அகராதி 'லிஸ்ப்' என்று காட்டும். ஒரு வட்டாரத்து மக்கள் எல்லோரும் பேசும் பேச்சை லிஸ்ப் என்று எழுதுவது அவர்களைக் குறைபாடுள்ளவர்களாக்குவது. பேச்சுப் பயிற்சி அறிக்கையில் குழந்தையைப் பற்றி வந்தால் மட்டும் லிஸ்ப் பொருந்தும். அதே அறிக்கையில் வரும் 'திஸ்லாலியா' சொல்லுக்கு இன்றைய ஆங்கில வழக்கு 'ஸ்பீச் சவுண்ட் டிஸார்டர்'.

படி 5: ஆங்கிலத்தில் பெயரே இல்லாத சொல்

எல்லாச் சொல்லுக்கும் ஆங்கிலம் தயாராக இருக்காது. 'ரெயிலாமியெந்தோ' அப்படிப்பட்டது. 'ரெயிலார்' என்ற வினை அம்பு பறக்கும்போது எழும் விர்ரென்ற சத்தத்தைக் குறிக்கும். ஒலியியலில், உரசொலியைச் சொல்லும்போது குரல் நாண் அதிர்வதோடு நாக்கு நெருங்கும் இடத்திலும் ஒரு ரீங்காரம் எழுவதற்கு அந்தப் பெயர். இன்று இந்தச் சொல் பெரும்பாலும் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் பேச்சைப் பற்றியே வரும். 'காயே' என்ற சொல்லின் இரட்டை எல் எழுத்தையும் 'யோ' என்பதன் ஒய் எழுத்தையும் அங்கே ஆங்கில 'மெஷர்' சொல்லின் நடு ஒலி போலச் சொல்வார்கள். இளையோர் பலர் குரலை விட்டு ஷகரமாகவே சொல்கிறார்கள்.

இதற்கு ஆங்கிலத்தில் நான்கு வழி உண்டு. ஒலியை மட்டும் விவரிக்கும் இடத்தில் 'வாய்ஸ்ட் போஸ்ட்-அல்வியோலர் ஃப்ரிகேட்டிவ்' என்று எழுதினால் எந்த ஒலியியலாளருக்கும் புரியும். ஸ்பானிய ஆய்வாளருக்கான கட்டுரை என்றால் மூலச் சொல்லைச் சாய்வெழுத்தில் வைத்து, முதல் முறை மட்டும் விளக்கம். வட்டார வழக்கின் பெயராக வந்தால், ஷகரமாகச் சொல்வதன் பெயரான 'ஷெயீஸ்மோ'வின் குரலுள்ள இணையான, இசட்-எச் போட்டு எழுதும் பெயர் ஆங்கில நூல்களில் உண்டு. நான்காவது 'அஸிபிலேஷன்'. இது சரியாகத் தோன்றினாலும், மேலே சொன்ன அஸிபிலாதா ரகரமும் அதே உரையில் வந்தால் இரண்டு வெவ்வேறு நிகழ்வுகள் ஆங்கிலத்தில் ஒரே பெயருக்குள் விழுந்துவிடும். அர்ஜென்டினா பற்றிய உரைகளில் இரண்டும் வருவது அபூர்வம் இல்லை. அந்நாட்டின் வடமேற்கில் ரகரமும் அப்படி ஒலிக்கும். அதனால் முழு உரையையும் ஒரு முறை தேடிப் பார்க்காமல் அஸிபிலேஷன் எழுதாதீர்கள்.

இசட்-எச் விஷயத்தில் நமக்கு மட்டும் ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. கோழிக்கோடு, ஆலப்புழை, தமிழ் எல்லாம் ஆங்கிலத்தில் இசட்-எச் போட்டே எழுதிப் பழகிய கை, அந்த எழுத்துகளைக் கண்டதும் ழகரம் என்று படிக்கும். இங்கே அதற்கும் ழகரத்துக்கும் உறவே இல்லை. அது உரசொலி; நம் ழகரத்தில் உரசல் இல்லை. அதே போல ஸ்பானிய இரட்டை எல்லின் பழைய ஒலியை நம் ளகரமாக நினைக்காதீர்கள். ளகரத்தில் நாக்கு பின்னே வளையும். ஸ்பானிய ஒலியில் நடுநாக்கு அண்ணத்தோடு ஒட்டி, காற்று இருபுறமும் வழியும். அந்த ஒலி மறைந்து யகரத்தோடு கலந்ததற்கு 'யெயீஸ்மோ' என்று பெயர். பழத்தைப் பளமாக்கும் ஊர்களில் ழகரத்துக்கு நடப்பதும் இந்த வகைக் கலப்பே. ஆங்கிலத்தில் யெயீஸ்மோ அப்படியே நிற்கும். விளக்கத்தில் 'மெர்ஜர்' என்ற சொல் வர வேண்டும்.

'என்ஸோர்தெஸிமியெந்தோ', அதாவது குரலுள்ள ஒலி குரல் இழப்பது, ஆங்கிலத்தில் 'டீவாய்சிங்'. காது கேளாமைக்கு இதில் வேலை இல்லை.

படி 6: சாட்சி தேடுங்கள்

தேர்ந்த சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டு, கூடவே மொழிப் பெயரையும் ஒலி எடுத்துக்காட்டையும் சேர்த்துத் தேடுங்கள். எத்தனை முடிவு வருகிறது என்பது சாட்சி ஆகாது. ஸ்பானிய ஆய்விதழ்களில் கட்டுரைத் தலையில் இருக்கும் ஆங்கிலச் சுருக்கங்களையும் நம்பாதீர்கள். 'மல்டிபிள் வைப்ரன்ட்' அதிகம் தென்படுவது அங்கேதான். நம்மைப் போன்ற ஒருவர் அவசரத்தில் செய்தவை. ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டு ஒலியியல் இதழில் வந்த கட்டுரைகளில் இரண்டு, ஒன்றையொன்று நகலெடுக்காதவை, அந்தச் சொல்லை அதே ஒலிக்கு வைத்திருந்தால் போதும்.

நல்ல இடம் ஒன்று: அனைத்துலக ஒலியியல் கழகத்தின் இதழ் ஒவ்வொரு மொழிக்கும் சில பக்கங்களில் ஒலி விவரம் வெளியிடுகிறது. காஸ்தீலிய ஸ்பானியத்துக்கு 2003-இலும் தமிழுக்கு 2004-இலும் வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தமிழ் விவரத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒலிக்கு என்ன ஆங்கிலப் பெயர் என்று பார்த்துவிட்டு ஸ்பானியத்துக்குப் போனால், சொல்லும் ஒலியும் சேர்ந்தே மனதில் பதியும். ஸ்பானியப் பக்கத்துக்கு ஸ்பானிய மொழிக்கான அரச கழகம் 2011-இல் வெளியிட்ட ஒலியியல் தொகுதி இருக்கிறது. நேரில் ஒருவரைக் கேட்க வேண்டுமானால் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகம், திருவனந்தபுரத்தின் திராவிட மொழியியல் நிறுவனம் போன்ற இடங்களில் மொழியியல் படித்தவர்களை அணுகலாம். ஸ்பானியம் தெரியாவிட்டாலும், ஒலியை விவரித்துச் சொன்னால் ஆங்கிலப் பெயர் சொல்லிவிடுவார்கள். ஹைதராபாத்தில் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் ஸ்பானியமும் கற்பிக்கிறார்கள்.

படி 7: கொடுக்கும் முறை

கோப்போடு சிறு சொற்பட்டியல் ஒன்றும் அனுப்புங்கள். நான்கு நெடுவரிசை போதும்: மூலச் சொல், ஆங்கிலச் சொல், எந்த எடுத்துக்காட்டு வார்த்தையில் அது வருகிறது, ஏன் இந்தத் தேர்வு. கடைசி நெடுவரிசையில் ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம். ஸ்டாப், ப்ளோசிவ் எது வேண்டும், டாப், ஃப்ளாப் எது வேண்டும் என்ற இரண்டு கேள்விகளையும் வேலை தொடங்கும்போதே கேட்டுவிடுங்கள்; முடித்த பிறகு மாற்றச் சொன்னால், மொத்தமாகத் தேடி மாற்றும்போது 'ஸ்டாப்' என்ற சாதாரண வினைச்சொற்களும் சேர்ந்து 'ப்ளோசிவ்' ஆகிவிடும்.

மூலச் சொல்லைச் சாய்வெழுத்தில் விடுவதானால் முதல் முறை மட்டும் விளக்கம். பிறகு சாய்வெழுத்துச் சொல் தனியாக நிற்கட்டும். குறியீடுகளை அனுப்பும் முன் பிடிஎஃப்பாக மாற்றி ஒரு முறை திறந்து பாருங்கள். தமிழ் எழுத்துரு வைத்த கணினியில் ஐபிஏ குறிகள் சில நேரம் வெற்றுக் கட்டமாகத் தெரியும். காரிஸ் எஸ்ஐஎல், டூலோஸ் எஸ்ஐஎல் என்ற இலவச எழுத்துருக்களில் எல்லாக் குறிகளும் உண்டு. மீன்கொக்கி ஆருக்குப் பதில் சாதாரண ஆர் விழுந்திருக்கிறதா என்பதைக் கடைசியாக ஒரு முறை தேடிப் பாருங்கள். எழுத்துரு மாறும்போது வாடிக்கையாளர் பக்கத்திலும் அப்படி ஆகலாம் என்பதால் பிடிஎஃப்பையும் சேர்த்தே அனுப்புங்கள்.